பதினோராவது அம்பு

முனுசாமி அண்ணனின் வேட்டி உண்ணிமுள்ளில் மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் வேட்டி கிழியும். பின்னால் வந்தால் சங்கிலி தொய்யும். ஒரு கையில் அளவுச் சங்கிலியின் பிடி, இன்னொரு கையில் அவிழப் பார்க்கும் வேட்டி. மலைச்சரிவில் நின்றுகொண்டு, "அடேய், யாராவது வாங்கடா!" என்று கத்தினார்.

சர்வேயர் தணிகாசலம் சார் என் பக்கம் திரும்பினார். "இன்னா சூசை, வாய்க்குப் பூட்டா?" என்றார்.

இதற்கென்றே காத்திருந்தவன் மாதிரி நான் எடுத்து விட்டேன். "அண்ணே, வேட்டிய அங்கியே வுட்டுட்டு வாங்க. அது எடம் புடிச்சிடுச்சு. அதுக்கும் ஒரு பட்டா எழுதிடலாம்!"

சரிவு முழுக்கச் சிரிப்பு. நிலத்துக்காரர் சடையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட முனுசாமி அண்ணனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தி சடையனின் மனைவி குப்பம்மா. இன்னொருவர் யார் என்று அப்போது நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் சிரித்தவர்களை எண்ணவே நேரம் சரியாக இருந்ததே.

ஒரு வாசகருக்கு

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில் பஸ் கதையை எழுதியிருந்தேன். போளூரிலிருந்து மலைக்கு ஏறும் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. கண்டக்டரோ, "உள்ள போங்க, பின்னால எடம் கீது, உள்ள போங்க" என்று பாடிக்கொண்டே இருந்தார். "அண்ணே, இன்னும் ரெண்டடி உள்ள போனா நான் அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்" என்றேன். பஸ்ஸே குலுங்கியது. கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழிக்க மறந்துபோனார்.

அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். சமயம் பார்த்துப் பேசுவது பெரிய கலையாம். அதை நான் இந்தப் பக்கங்களில் கற்றுத்தர வேண்டுமாம்.

ஐயா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அந்தக் கலையின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. நன்றாகச் சிரிக்க வைக்கிறவனை எங்கேயாவது பார்த்தால் நான் முதலில் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். நீங்களே யோசியுங்கள். அந்தக் கண்டக்டர் டிக்கெட்டை மறந்தது எதனால்? சிரிக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் கண் தெரியாது. வாய் விட்டுச் சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும், கண்ணாடி முன்னால் நின்று சோதித்துப் பாருங்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை எனக்குக் காட்டியது ஜவ்வாது மலைதான்.

மாமாவின் பெட்டி

மலைக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு பழைய சங்கதி. இதைச் சொல்லாமல் போனால் என் புத்தி உங்களுக்குப் புரியாது.

அடிவாரத்தில் எங்கள் ஊரான போளூரில், மாதா கோயில் தெருவில் என் தாய்மாமா இறந்துபோனார். தச்சர் சவப்பெட்டியை முடிக்கவில்லை. கோயிலில் மணி அடித்தாகிவிட்டது, சாமியார் அங்கி மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார், வந்த ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. "எங்க மாமா உசுரோட இருந்தப்ப எந்த பஸ்ஸத்தான் நேரத்துக்குப் புடிச்சாரு? இன்னிக்கி மட்டும் புடிச்சிடுவாரா?" என்றேன்.

முணுமுணுப்பு நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த அத்தையும் பக்கென்று சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அத்தை என்னோடு பேசவில்லை. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சொன்னாள்: "அழவேண்டிய நேரத்துல என்ன சிரிக்க வச்சிட்டியேடா பாவி. அந்த அழுக இன்னும் உள்ளியே கீது." அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அத்தைக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தணிகாசலம் சார் அந்தச் சாவுக்கு வந்திருந்தார். அவருக்கும் போளூர்தான். அடுத்த மாதமே ஆள் அனுப்பினார். "மலையில அளவு வேல கீது. செயின்மேனா வர்றியா? தினக்கூலிதான். ஆறே மாசத்துல நிரந்தரம் பண்ணிடறேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவன் நாலு பேர் காத்திருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று யோசிக்கவே இல்லை. என் திறமைக்குக் கூப்பிட்டார் என்று நினைத்தேன். திறமைக்குத்தான் கூப்பிட்டார், அது எந்தத் திறமை என்பதுதான் விஷயம்.

ஏழு சங்கிலி

எழுபதுகளின் கடைசியோ, எண்பது பிறந்துவிட்டதோ, நினைவில்லை. மாசி மாதம் என்பது மட்டும் தெரியும். சாமை அறுத்த காடுகள் காய்ந்து கிடந்தன, புளியமரங்களில் பழம் பழுத்துத் தொங்கியது. காலையில் பனியும் புளிப்பு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும்.

ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே நடக்க வேண்டிய ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே சடையனுக்குக் கொஞ்சம் சாமைக்காடு, காட்டின் கீழ்க்கோடியில் ஒன்பது புளியமரம். சாமை வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடும். துணிமணி, மருந்து, மூத்த பெண்ணின் கல்யாணம், எல்லாம் அந்த ஒன்பது மரத்தை நம்பித்தான்.

காகிதத்தில் சொல்லியிருந்தது இதுதான். மேலே இருக்கும் ஒரு பெரிய பாறையிலிருந்து கீழ்நோக்கி ஏழு சங்கிலி தூரம் சடையனுடையது. அதற்குக் கீழே புறம்போக்கு. புறம்போக்கு மரங்களின் புளியை அடிவாரத்து ஏலக்காரர் ஒருவர் வருஷா வருஷம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மரமும் ஏழாவது சங்கிலிக்குள்தான் நின்றன. ஆறோடு அளவு முடிந்தால் ஒன்பதும் ஏலக்காரருக்கு.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிற முனுசாமி அண்ணன் கையில் பத்து அம்பு இருக்கும். அம்பு என்றால் முழ நீள இரும்புக் குச்சி, தலையில் வளையம், வளையத்தில் சிவப்புத் துணி. ஒவ்வொரு முறை சங்கிலியை இழுத்துப் பிடித்ததும் அது முடிகிற இடத்தில் ஒரு அம்பைக் குத்துவார். பின்னால் வருகிற நான் அதைப் பிடுங்கிக்கொண்டு போவேன். கடைசியில் என் கையில் எத்தனை அம்போ, அத்தனை சங்கிலி தூரம்.

சரிவில் மட்டும் ஒரு தொந்தரவு உண்டு. சங்கிலியை மட்டமாகப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். "அம்ப இப்புடிக் குடு, நான் வச்சிக்கறேன்" என்று, தோளில் பை தொங்க நின்ற தணிகாசலம் சார் வாங்கிக்கொண்டார். அதில் என்ன தப்பு? மேலதிகாரி உதவி செய்கிறார் என்று எனக்குப் பெருமைதான்.

வேட்டி முள்ளில் மாட்டியது அந்தச் சரிவில். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் இழுத்தோம். கொஞ்ச தூரத்தில் சார் கையைத் தூக்கினார். "எண்ணிக்கோங்கப்பா எல்லாரும்." ஒவ்வொரு அம்பாகத் தரையில் போட்டார். சடையனே சத்தமாக எண்ணினார். ஏழு.

ஒன்பது மரமும் அந்த இடத்துக்குக் கீழே நின்றன. சடையனின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. தானே எண்ணிய கணக்கை அவர் யாரிடம் போய் மறுப்பார்? குப்பம்மா மட்டும் மூடிய கையைத் திறந்து எதையோ பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

எண்ணெய்த் துணி

அன்று சாயங்காலம், வெயில் இன்னும் இருந்தது. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்து, தினமும் செய்வதுபோல அம்புகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பனிக்குத் துரு ஏறிவிடும், துடைக்காவிட்டால் திட்டு விழும்.

துடைத்து வைத்தவற்றை எண்ணினேன். பதினொன்று.

ஒரு செட்டுக்குப் பத்து அம்புதான். இது செயின்மேன் வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். மறுபடி எண்ணினேன். பதினொன்று. ஒன்றின் துணி மட்டும் மற்றதைவிடப் பளிச்சென்று இருந்தது, வெயில் படாத சிவப்பு.

முனுசாமி அண்ணன் அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தது நாலு. சார் தரையில் போட்டது ஏழு. முனுசாமி அண்ணன் குத்தியது ஆறுதான் என்றால் அந்த ஏழாவது எங்கிருந்து வந்தது? வேட்டி மாட்டிய நேரம், "வாய்க்குப் பூட்டா" என்று கேட்ட நேரம், எல்லோரும் கண்ணை மூடிச் சிரித்த நேரம், எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

இதற்கு முன் அளந்த இடங்களும் வரிசையாக வந்தன. சார் எங்கெல்லாம் என்னைப் பேசச் சொன்னார் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சும்மா நடக்கும்போது ஒரு தடவையாவது கேட்டாரா? டீ குடிக்கும்போது கேட்டாரா? கேட்டதே இல்லை, ஐயா. அளவு நடக்கும்போது மட்டும்தான் அவருக்கு என் ஜோக் தேவைப்பட்டது.

மறுநாள் காலை அம்புக் கட்டை எடுத்து எண்ணினேன். பத்து. புதுத்துணி அம்பைக் காணோம்.

முனுசாமி அண்ணனைச் சந்தேகப்பட்டேன். டீ கொண்டுவந்தவனைச் சந்தேகப்பட்டேன். நான்தான் தப்பாக எண்ணினேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. இன்னும் மூன்று மாதம் ஓட்டினால் வேலை நிரந்தரம். சார் எதிரே வந்து, "இன்னா சூசை, தூங்கலியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

குப்பம்மா கேட்டது

அன்று மத்தியானம் குப்பம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சார் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போயிருந்தார். அதைப் பார்த்துத்தான் வந்திருப்பாள்.

கையைத் திறந்து காட்டினாள். ஆறு புளியங்கொட்டை.

"சங்கிலி ஒருக்கா இழுத்தா ஒரு கொட்டய இந்தக் கைக்கு மாத்திக்கினேன். ஆறுதான் கீது. அந்தாளு ஏழுன்றான். நான் எங்கியாவது வுட்டுட்டனா தம்பி?"

வழக்கம்போல ஒரு ஜோக்கை எடுத்து விட்டேன். "ஒண்ண எறும்பு இழுத்துனு போயிருக்கும்க்கா. இந்த மலையில எறும்பெல்லாம் கோழி சைசுல இல்ல கீது."

அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. என்னையே பார்த்தாள்.

"நேத்து நீ சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வூட்டு ஆளு உருண்டே சிரிச்சான். உன்ன பேசச் சொன்னாரே அந்த சாரு, அவரு சிரிக்கல. சொல்லச் சொன்ன ஆளு ஏன் சிரிக்கல?"

நான் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன். அவள் ஆறு கொட்டையையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது? சாப்பிடப் பிடிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றாத குழி

அதற்கு மறுநாள் கல் நடுகிற நாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எல்லைக்கல்லுக்குக் குழி வெட்டினால் அந்த வீட்டுப் பெண் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து குழியில் ஊற்ற வேண்டும். ஊற்றினால் சம்மதம். ஊற்றாத குழியில் கல்லை இறக்க ஊரில் ஒரு ஆள் கை வைக்க மாட்டான், எந்த அதிகாரி வந்து சொன்னாலும் சரி.

குழி வெட்டியாகிவிட்டது. கல் ஓரத்தில் கிடந்தது. குப்பம்மா சொம்போடு வந்தாள், குழியைப் பார்த்தாள், சொம்பைத் தரையில் வைத்தாள்.

"இன்னொருக்கா அளங்க சார். அப்புறம் ஊத்தறேன்."

சடையனுக்கே பயம். "ஏய், சும்மா இருடி. நானேதான எண்ணினேன்" என்று பிடித்து இழுத்தார். அவள் அசையவில்லை. ஊர்க்கவுண்டர் திரும்பி, சாரைப் பார்த்தார். சார் தாராளமாகச் சிரித்தார். "அதுக்கென்னாம்மா, பத்து தபா வேணும்னாலும் அளக்கலாம்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பாறையைப் பார்க்க நடந்தார்.

மறுபடி பாறையிலிருந்து ஆரம்பித்தோம். முனுசாமி அண்ணன் உஷாராகக் காக்கி டவுசர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. சரிவு வந்ததும் சார் கையை நீட்டினார். கையிலிருந்த மூன்று அம்பையும் கொடுத்தேன், கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாலு. அதே உண்ணிப் புதர்.

சார் நின்றார். கண்ணாடியைக் கழற்றி இடது கையில் துணியால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இந்தத் தடவை வாய் திறந்து கேட்கவில்லை. பார்வையே போதுமாக இருந்தது.

இப்போது சொல்லப்போவது எனக்கு அவமானம். அந்தப் பார்வை பட்டதும், சத்தியமாகச் சொல்கிறேன், முனுசாமி அண்ணனின் டவுசரைப் பற்றி ஒரு அருமையான ஜோக் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால், 'செட்டுக்குப் பத்து அம்புதான் சார்' என்ற வாக்கியமும் நின்றது. அதை இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது முதலில் வெளியே வந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அச்சு அசல் தணிகாசலம் சாரின் இழுப்பு.

"இன்னா சூசை, வாய்க்குப் பூட்டா?"

குப்பம்மா! எல்லோரும் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"முந்தாநாளு இந்த எடத்துலதான சிரிச்சோம். இன்னிக்கி சாரு பைக்குள்ள கைய வுட்டுனு ரெடியா நிக்கறாரு, நீ ஒண்ணும் சொல்லாம கீறியே."

ஒருவரும் சிரிக்கவில்லை. இருபது கண்ணும் சார் மேல் போயின. வலது கை மணிக்கட்டு வரை தோள்பைக்குள் இருந்தது.

சடையன்தான் கேட்டார். "பையில இன்னா சார் தேடறீங்க?"

"கண்ணாடி தொடைக்கற துணிப்பா."

துணி அவருடைய இடது கையிலேயே இருந்தது. அதை அவரும் பார்த்தார், ஊரும் பார்த்தது. மெதுவாக வலது கையை வெளியே எடுத்தார். வெறும் கை. பைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வெட்டி வைத்த குழிக்கு வந்தபோது ஆறு அம்பு. குப்பம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு கொட்டையைக் குழிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். இன்னொரு சங்கிலி இழுத்தோம். முனுசாமி அண்ணன் ஒவ்வொரு மரமாகத் தாண்டிப் போவதை ஊரே பார்த்தது. ஒன்பதையும் தாண்டித்தான் ஏழாவது அம்பைக் குத்தினார். சடையன் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

தணிகாசலம் சார் தொண்டையைச் செருமினார். என் தோளில் கை போட்டார். "எல்லாம் இந்தப் பையனால வந்த வென. வாய் பேசினே இருந்தான், எண்ணிக்கைய கோட்ட வுட்டுட்டான். இன்னாடா, ஆமாவா இல்லியா?"

பேச வேண்டிய நேரம் அதுதான். அதைவிட நல்ல நேரம் என் ஆயுசுக்கும் வாய்க்காது. பதினொன்று என்ற ஒரே வார்த்தை போதும்.

"ஆமா சார்" என்றேன்.

சொம்பில் மிச்சம்

புதுக்குழி வெட்டினார்கள். குப்பம்மா தண்ணீர் ஊற்றினாள். கல் இறங்கியது.

தணிகாசலம் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு நிரந்தரமும் ஆகவில்லை. இரண்டு வாரத்தில், "நாளையிலேர்ந்து வரவேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினோராவது அம்பைப் பற்றி வெளியில் யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. இப்போது எழுதுகிறேன். சார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, முனுசாமி அண்ணனும் இல்லை, இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

கடிதம் போட்ட வாசகரே, கலையைக் கேட்டீர்கள் இல்லையா? கல் நட்ட அன்றைக்கு ஆட்கள் கலைந்த பிறகு நடந்ததையும் கேட்டுவிடுங்கள்.

தாகமாக இருந்தது. குப்பம்மா சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நானே சொல்லத்தான்க்கா இருந்தேன். செட்டுக்குப் பத்து அம்புதான். அன்னிக்கி பதினொண்ணு இருந்துச்சி. சரியான நேரம் வரட்டும்னு பாத்தேன்" என்றேன்.

சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"ஆமா ஆமா. நேரம் பாத்துப் பேசறதுல உன்ன அடிச்சிக்க ஆளே இல்லியே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.